மூன்று லட்சம் புள்ளிகளும் அப்பத்தாவின் தண்டட்டியும்

ஊர் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் என்னுடைய பழைய நோக்கியா 6600 கிடைத்தது. கூடவே பருத்த முனை கொண்ட அதன் சார்ஜரும் ஒரு ரப்பர் வளையத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்த பேட்டரியில் உயிர் இருக்கவில்லை. ஆனால் இந்தக் கைபேசிக்கு ஒரு நல்லூழ் உண்டு. இதில் பொருந்துவது பிஎல்-5சி என்ற பேட்டரி; கைபேசிகள் மட்டுமன்றிச் சின்ன எஃப்எம் ரேடியோக்களும் அதே பேட்டரியில் ஓடுவதால், கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். புதிதாக ஒன்றை வாங்கி வந்து போட்டு, மேலே இருக்கும் பொத்தானை அழுத்தியதும், இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அந்தப் பழைய காட்சி திரையில் தோன்றியது. அடுத்த கணம் கைபேசி என்னிடம் இன்றைய தேதியைக் கேட்டது.

2003 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டின் இறுதிவாக்கில் கடைகளுக்கு வந்த கைபேசி இது. நான் இதை வாங்கியது 2005-இல், இரண்டாம் கையாக. அப்படி வாங்கியும் என் இரண்டு மாதச் சம்பளம் அதற்குச் சரியாகப் போனது. 108.6 மில்லிமீட்டர் நீளம், 58.2 மில்லிமீட்டர் அகலம், 23.7 மில்லிமீட்டர் தடிமன், 125 கிராம் எடை என்று அதன் விவரக்குறிப்பு சொல்லும். ஆற்றுக் கூழாங்கல்லைப் போல எல்லா ஓரங்களும் வழிக்கப்பட்டு, உள்ளங்கைக்குள் நிறைந்து உட்காரும் உருவம். சட்டைப்பையில் போட்டால் பை ஒருபக்கமாகத் தொங்கும். சிம்பியன் 7.0 வரிசையைச் சேர்ந்த இயங்குதளம், 104 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஏஆர்எம் செயலி, 6 எம்பி உள் நினைவகம், அது போதாதவர்களுக்குக் கூடவே தரப்பட்ட 32 எம்பி மெமரி கார்டு, புளூடூத், அகச்சிவப்பு, ஐந்து திசையிலும் அசையும் ஒரு சிறு ஜாய்ஸ்டிக் என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றை நான் மறந்தே போயிருந்தேன். மறக்காமல் இருந்தது, பின்பக்கம் மேற்பகுதியில் ஒரு மிளகளவு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேமராவை மட்டுமே. 640-க்கு 480 புள்ளிகள், பெருக்கினால் 3,07,200. அக்காலத்தில் இதை விஜிஏ கேமரா என்பார்கள். இன்றைய கணக்கில் ஒரு மெகாபிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறாது.

கைபேசியில் கேமராவை வைப்பது இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1997 ஜூன் 11 அன்று கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில், பிலிப் கான் என்ற மென்பொருள் தொழிலதிபர், மனைவி மகப்பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்த நேரத்தில், ஒரு டிஜிட்டல் கேமராவையும் மடிக்கணினியையும் மோட்டோரோலா ஸ்டார்டாக் கைபேசியையும் தாமே இணைத்து, பிறந்த மகளின் படத்தை உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பினார். மூன்று கருவிகள் செய்ததை ஒரே கருவி செய்யும் கைபேசிகள் அடுத்த சில ஆண்டுகளில் வரத் தொடங்கின. 2000 நவம்பரில் ஜப்பானின் ஜே-போன் நிறுவனம் வெளியிட்ட ஷார்ப் ஜே-எஸ்எச்04, 1,10,000 புள்ளிகள் கொண்ட கேமராவோடும், தன்னைத்தானே பார்த்துப் படமெடுக்க லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கண்ணாடியோடும் வந்தது. நோக்கியா தன் பங்குக்கு 2002-இல் 7650-ஐக் கொண்டுவந்தது. சறுக்கித் திறக்கும் மாதிரி. 154 கிராம் எடை. மெமரி கார்டு போட இடம் இல்லை. அதன் கேமராவும் 640-க்கு 480 புள்ளிகள்தான். ஆக, 6600-இன் கேமரா அதன் காலத்திலேயே புதுமை என்று சொல்லத்தக்கதல்ல. படங்களைச் சேர்த்து வைக்க இடமும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகத்தக்க எடையும் அதற்கு இருந்தன என்பதே பெரிய மாற்றம். எப்போதும் கூடவே இருக்கிற கேமரா என்ற பொருள் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

அதுவரை எங்கள் வீட்டில் கேமரா என்றால் சித்தப்பாவிடம் இரவல் வாங்குவது. 36 படம் கொண்ட சுருளைப் போட்டு, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து, மிச்சமிருக்கும் நான்கைந்து படங்களை வீணாக்காமல் முடிப்பதற்காகக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைப்பார்கள். அப்பத்தா அந்த வரிசையில் வந்து நின்றதே இல்லை. அவருடைய முகம் பதிவான ஒரே இடம் வாக்காளர் அடையாள அட்டை. அதிலும் கண்ணை மூடியிருந்தார்.

2005 தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், பிற்பகல் நான்கு மணி இருக்கும். சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டின் திண்ணையில் அப்பத்தா தூணில் சாய்ந்து, காலை நீட்டி, வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் தெருவில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன்.

"என்னடா, போனைக் காதுல வைக்காம மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"போட்டோ எடுக்கிறேன் அப்பத்தா. கொஞ்ச நேரம் ஆடாம இரு."

"நான் எங்கடா ஆடுறேன்? தூணோட தூணாத்தானே உக்காந்திருக்கேன்."

அன்றைக்கு அந்தப் படம் சரியாக விழுந்தது என் கைத்திறமையால் அல்ல, நான்கு மணி வெயிலால். இதை நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். இந்தக் கேமராவில் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, சிமாஸ் வகை உணரி. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 1990-களின் தொடக்கத்தில் எரிக் ஃபோசம் தலைமையிலான குழு, விண்கலங்களில் வைக்கத்தக்க சிறிய, மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் கேமராக்களுக்காக வளர்த்தெடுத்த வழிமுறை அது. சாதாரணக் கணினிச் சில்லுகளைச் செய்யும் முறையிலேயே செய்யலாம் என்பதால் விலை மலிந்தது. கைபேசிக்குள்ளும் புக முடிந்தது. ஆனால் அந்தச் சின்ன உணரியின் மேல் விழும் ஒளியின் அளவும் சின்னதுதான். ஒளி போதாதபோது ஒவ்வொரு புள்ளியும் தனக்கு வந்த சிறிதளவு ஒளியைப் பெருக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. பெருக்கும்போது ஒளியோடு சேர்ந்து உணரியின் சொந்த இரைச்சலும் பெருகி, நிழல் பகுதிகளில் மணல் தூவியதுபோல் நிறப்பொடிகள் தெரியும். 6600-இல் பிளாஷ் கிடையாது. இரவுக்கென்று ஒரு முறை உண்டு. ஒளியை அதிக நேரம் உள்ளே விடுவதே அதன் வேலை. அந்த நேரத்துக்குள் கை துளி அசைந்தாலும் உருவம் கலங்கிவிடும்.

அதனால் அந்தக் கைபேசியை வைத்திருந்த நாங்கள் எல்லோரும், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, வெளிச்சத்தைத் தேடக் கற்றுக்கொண்டோம். குழந்தையை எடுக்க வேண்டுமென்றால் சன்னலோரம் தூக்கிக்கொண்டு போவோம். உச்சிவெயிலில் எடுத்தால் நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போகும், கண்குழி இருண்டுவிடும் என்று தெரிந்து, சாய்வெயிலுக்குக் காத்திருப்போம். நான் வைத்திருந்த படங்களைப் பின்னால் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலானவை காலை எட்டு மணியை ஒட்டியோ மாலை நான்கு மணியை ஒட்டியோ எடுக்கப்பட்டவை என்பதைக் கண்டேன். எங்கள் வீட்டின் இரவு அந்தத் தொகுப்பில் இல்லவே இல்லை. கார்த்திகைத் தீபத்தன்று எடுத்த நான்கு படங்களிலும் இருட்டுக்குள் மஞ்சள் கறைகள் மட்டும் இருக்கின்றன. எந்தக் கறை எந்த மாடத்து விளக்கு என்று எனக்கு மட்டும் தெரியும்.

லென்ஸின் குவியமும் மாறாதது. தொலைவில் இருப்பதும் நடுத்தூரத்தில் இருப்பதும் ஓரளவு தெளிவாக விழும்படி தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டது. இதனால் கிட்டத்தில் போய் எதையும் எடுக்க முடியாது. அப்பத்தாவின் காதில் தொங்கிய தண்டட்டியை மட்டும் தனியே எடுக்க ஆசைப்பட்டு நெருங்கியபோது, பொன்னிறமான ஒரு புகைதான் விழுந்தது. இரண்டு மடங்கு பெரிதாக்கும் ஜூம் இருந்தது உண்மைதான். ஆனால் அது லென்ஸ் நகர்ந்து செய்யும் வேலை அல்ல. நடுவில் இருக்கும் பகுதியை வெட்டி எடுத்து, இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்புவது. நல்ல தெளிவு வேண்டுமானால் எழுந்து நடந்து போய் நிற்பது ஒன்றே வழி, அதிலும் அளவுக்கு மேல் நெருங்கக்கூடாது.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உணரியின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களையும் பார்ப்பதில்லை. புள்ளிகளின் மேல் நிறக் கண்ணாடிகள் சதுரங்கக் கட்டம்போல் போர்த்தப்பட்டிருக்கின்றன. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, மீதிக் கால்பங்குக்கு நீலம். ஒரு புள்ளி தான் பார்க்காத இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டுத்தான் நிரப்பிக்கொள்கிறது. ஆகவே 3,07,200 புள்ளிகளின் நிறத் தகவலில் நேரடியாக அளக்கப்பட்டது மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு கணிப்பு. இன்றைய கேமராக்களிலும் பெரும்பாலானவற்றுக்கு இதுவே முறை. ஆனால் கோடிக்கணக்கில் புள்ளிகள் இருக்கும்போது கணிப்பின் பிழை கண்ணுக்குத் தெரியாது. இங்கே, ஒரு தண்டட்டிக்கு மொத்தமே இருபது முப்பது புள்ளிகள் வாய்த்த இடத்தில், கணிப்புதான் பொன்னையே செய்கிறது.

எடுத்த படத்தை அந்தக் கைபேசியிலேயே பார்க்கும்போது இந்தக் குறை எதுவும் தெரியாது. 6600-இன் திரை 176-க்கு 208 புள்ளிகள், 65,536 நிறங்கள். கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் விழுவது அகலப் படம். அது திரையின் அகலத்துக்குள் அடங்க 176-க்கு 132 என்று சுருங்க வேண்டும். கணக்குப் போட்டால், எடுத்த புள்ளிகளில் பதின்மூன்றில் ஒன்றுதான் கண்ணுக்கு வருகிறது. சுருங்கும்போது கலங்கலும் சேர்ந்து சுருங்கிவிடுவதால், அந்தச் சின்னத் திரையில் எந்தப் படமும் கத்தரித்து ஒட்டியதுபோல் தெளிவாக இருக்கும். திண்ணையில் எடுத்த படத்தை அப்போதே அப்பத்தாவிடம் காட்டினேன். கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுக்குள்ளயா இருக்கேன்?" என்றார். சில வாரங்கள் கழித்து மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் அதே படத்தைக் கணினியில் முழு அளவில் திறந்தேன். முதல் பார்வையில் மனசு துவண்டுவிட்டது. எல்லா விளிம்பும் நமத்துப்போயிருந்தன. பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது, கைபேசியில் காணவே முடியாத பொருள்கள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின: மடியில் சிதறிக் கிடந்த வெற்றிலைக் காம்புகள், தூணின் அடியில் சுண்ணாம்புக் கறை, அவருக்குப் பின்னால் நிலைக்கதவின் இடுக்கில் பாதி முகத்தோடு என் தங்கை. அவள் அங்கே நின்றது எடுக்கும்போது எனக்குத் தெரியாது.

படம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதையும் அப்போது கணக்குப் பார்த்தே வாழ்ந்தோம். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் அப்படியே சேமித்தால் ஒரு படத்துக்கு 9,21,600 பைட் ஆகும். உள் நினைவகத்தில் ஆறேழு படங்களோடு தொலைபேசி எண்களுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் இடமில்லாமல் போயிருக்கும். ஜேபெக் முறையில் சுருக்குவதால் அது 50 கிலோபைட் அளவுக்குள் வந்துவிடுகிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்மாற்றங்களைக் கழித்துவிடுவது அம்முறை. 6600-இன் படத்தில் மொத்தம் 4,800 சதுரங்கள். அப்பத்தாவின் வெள்ளைச் சேலை போன்ற வெறும் பரப்புக்கு இதனால் இழப்பு ஏதும் இல்லை. நரைமயிர், சுருக்கம், ஓட்டுச் சாய்ப்பு போன்ற நுணுக்கமான இடங்களில்தான் சதுரங்களின் எல்லை கட்டம் கட்டமாக மேலெழுந்து வருகிறது. தரத்தை உயர், இயல்பு, அடிப்படை என்று மூன்றாக வைத்துக்கொள்ளலாம். 32 எம்பி கார்டில் இயல்பாக அறுநூறு படங்கள் அடங்கும் என்றாலும், பாட்டுக்கும் விளையாட்டுக்கும் இடம் வேண்டும் என்று அந்த வயதில் நான் அடிப்படைத் தரத்துக்கு இறக்கி வைத்த காலம் உண்டு. இப்போது அதற்காகத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. திண்ணைப் படம் நல்லவேளையாக அதற்கு முந்தியது.

படத்தை இன்னொருவருக்குத் தருவதும் தனியொரு சடங்கு. படத்தைக் குறுஞ்செய்திபோல அனுப்பும் எம்எம்எஸ் வசதி இருந்தது; நான் அதைப் பயன்படுத்தியது இரண்டு முறையோ மூன்று முறையோ. நாங்கள் நம்பியது அகச்சிவப்பையும் புளூடூத்தையும்தான். அகச்சிவப்பில் இரண்டு கைபேசிகளையும் நேருக்கு நேர் மேசையில் வைத்து, படம் போய்ச் சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புளூடூத்துக்கு அந்தக் கட்டாயமில்லை. பத்து மீட்டருக்குள் யார் இருந்தாலும் போதும். அத்தை மகன் பந்தியில் உட்கார்ந்திருக்க, நான் வாசலில் இருந்தபடியே அனுப்பியிருக்கிறேன். அந்தத் திறந்த வாசல் வழியாகவே கைபேசிகளைத் தொற்றும் முதல் புழுவும் வந்தது: 2004 ஜூனில் கண்டறியப்பட்ட காபிர், இந்த வகை சிம்பியன் கைபேசிகளைத் தேடித் தேடித் தன்னை அனுப்பிக்கொண்டது. பெற்றவர் ஒப்புதல் தந்தால்தான் உள்ளே நுழையும். நுழைந்தபின் ஓயாமல் அக்கம்பக்கத்தைத் துழாவி பேட்டரியைக் கரைத்துவிடும். பேருந்தில் போகும்போது புளூடூத்தை அணைத்து வைக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு அதனால் வந்தது.

இன்னொரு குணத்தையும் மறக்க முடியாது. இவ்வகை உணரி முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாங்குவதில்லை. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. முதல் வரிசைக்கும் 480-ஆம் வரிசைக்கும் இடையே கழியும் அந்தச் சிறு பொழுதுக்குள் பொருள் நகர்ந்துவிட்டால், மேற்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி வேறிடத்திலும் பதிவாகும். எங்கள் ஊர் விலக்கில் நிற்காமல் போன ஒரு பேருந்தை எடுத்தேன். படத்தில் அது காற்றில் வளைந்த தென்னைபோலச் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் மைல்கல் மட்டும் செங்குத்தாக இருக்கிறது.

அப்பத்தா 2008-இல் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். திண்ணைப் படத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கடைத்தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்கார அண்ணன் அதைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது போஸ்ட்கார்டு சைஸுக்குத்தான் தாங்கும். அதுக்கு மேல இழுத்தா உடைஞ்சிரும்" என்றார். அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 107 புள்ளி கிடைக்கும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்துக்கு, அகலப் படத்திலிருந்து அப்பத்தா இருக்கும் பகுதியை மட்டும் நெட்டுவாக்கில் வெட்டினால், ஓர் அங்குலத்துக்கு 27 புள்ளிகூட வராது. ஆனாலும் பெரியப்பாவுக்குப் பெரிய படம் வேண்டியிருந்தது. அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து, உடைந்த இடங்களையெல்லாம் மெழுகிப் பூசி, புருவத்துக்குப் புருவம் வரைந்து, பின்னால் நீலத் திரை போட்டு, ஒரு படத்தை உருவாக்கித் தந்தார். மனமார்ந்த உழைப்பு அது, குறை சொல்லமாட்டேன். கூடத்தில் இன்றும் அதற்குத்தான் பொட்டு வைக்கிறோம். அதில் இருக்கும் அம்மாளுக்குச் சுருக்கமே இல்லை.

நான் எனக்கென்று நாலுக்கு ஆறு அங்குலத்தில் ஒன்று அச்சிட்டுக்கொண்டேன். அந்தத் தாளின் வடிவம் படத்தின் வடிவத்தோடு பொருந்தாது என்பதால் மேலிருந்தோ கீழிருந்தோ 53 வரிசைகளை வெட்டியாக வேண்டும். கீழே வெட்டினால் நீட்டிய கால் போகும். மேலே வெட்டினால் ஓட்டுச் சாய்ப்பின் விளிம்பு போகும். கால் இருக்கட்டும் என்றேன்.

பிஸ்கட் டப்பாவிலிருந்து மீண்ட கைபேசியின் மெமரி கார்டில் பெரும்பாலான படங்கள் இல்லை. முன்பே கணினிக்கு மாற்றியவை, அந்தக் கணினியின் வட்டோடு போய்விட்டன. நாற்பது சொச்சம் படங்களும் ஒரே ஒரு காணொளியும் மிஞ்சியிருந்தன. 6600-இல் காணொளி எடுக்கலாம் என்பதை நான் அடியோடு மறந்திருந்தேன். 128-க்கு 96 புள்ளிகள், பத்து விநாடி. எம்எம்எஸ்-இல் அனுப்பும் அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதால் கோப்பு 95 கிலோபைட்டைத் தாண்ட விடாது. ஜாய்ஸ்டிக்கை அழுத்தினேன். அதே திண்ணை, வேறொரு நாள். முகம் என்று சொல்ல அதில் ஏதுமில்லை. பழுப்புக் கட்டங்கள் அசைகின்றன, நடுவில் வெள்ளைக் கட்டம் ஒன்று சிரிப்பாக இருக்கலாம். ஆனால் குரல் அப்படியே இருந்தது. பேச்சை அனுப்புவதற்கென்றே வகுக்கப்பட்ட ஏஎம்ஆர் முறையில் பதிவானது அது. மனிதக் குரலின் தன்மையை ஒட்டியே அந்த முறை ஒலியைச் சுருக்குகிறது. மதுரையில் இருந்த ஆண்டுகளில் ஞாயிறுதோறும் தொலைபேசியில் நான் கேட்ட அப்பத்தாவின் குரலுக்கும் இதற்கும் இம்மி வேறுபாடு இல்லை. 

"வெயில்ல நிக்காதடா, உள்ள வா. சோத்த வடிச்சு வச்சிருக்கேன், கருவாட்டுக் குழம்பு ஒனக்குன்னு…" என்பதோடு பத்து விநாடி முடிந்துவிடுகிறது.